நீ முடுக்கி வைத்துப் போனவை

அன்பு மாறாத மாப்பிள்ளை சூசைக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், நீ அங்கே தவித்துக்கொண்டிருக்க வேண்டாம். உன் மகள் அருள்மேரியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உன் ஜீப்பில்தான் கோயிலுக்குப் போனாள். வழியில் ஓர் இடத்திலும் வண்டி நிற்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற வரும்போது நேரிலேயே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உன் தங்கச்சிகள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டால் எனக்கு வாயைத் திறக்க இடம் கிடைக்காது. அதனால் எழுதிவிட்டேன். சாமியார் இதைக் கோயிலில் மாதா மாதம் அச்சடிக்கிற பங்கு மலரில் போடுகிறேன் என்கிறார். போடட்டும். உன் வண்டவாளம் ஊருக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

எதையும் இறுக்கி முடுக்குகிற அந்த வியாதி உனக்கு எங்கிருந்துடா வந்தது? பள்ளிக்கூடத்தில் மசிப் புட்டியை நீ மூடிவிட்டால் அன்றைக்கு நம் பெஞ்சில் ஒருத்தனும் எழுத முடியாது. தண்ணீர்க் குழாய், மண்ணெண்ணெய் டின், டீத்தூள் டப்பா, எது உன் கைக்கு வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்குவாய். என் தங்கச்சி தெரசாவை உனக்குக் கட்டிக்கொடுத்த புதிதில் வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "மனுசன் தங்கம்ண்ணா. ஆனா காலையில டீத்தூள் டப்பாவத் தொறக்கறதுக்குள்ள எனக்கு மத்தியானம் ஆயிருது."

உன்னிடம் கேட்டால், "வண்டிக்காரன் கை மச்சான். லூசா விட்டா நடுவழியில எவன் வந்து முடுக்குவான்?" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

போன வருஷம் தவக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் நீ திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஜீப் கொட்டகையிலேயே நின்றது. தெரசா அதன் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். விற்கவும் விடவில்லை, எடுக்கவும் விடவில்லை. அழவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மேல்தட்டில் இருந்த எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டிலைக் காட்டி, கொஞ்சம் போடும்மா என்றேன். "அது வேண்டாண்ணா" என்று சொல்லிவிட்டு, அவசரமாக மோர்மிளகாயை வறுத்து வைத்தாள்.

அருள்மேரிக்கு இடம் அமைந்தது பொம்மிடிப் பக்கம். பையன் பெயர் சகாயம், வாத்தியார் வேலை. நம் பெண்ணும் டீச்சர்தானே, பொருத்தம் நன்றாக இருந்தது. கல்யாணம் அவர்கள் ஊர்க் கோயிலில். பெண்ணை அழைத்துப்போக வேன் அனுப்புகிறோம் என்று சம்பந்தி வீட்டில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். உன் மகள் ஒரே பிடி.

"அப்பா வண்டியிலதான் மாமா வருவேன். சின்ன வயசுல கோயில்ல எனக்குப் புதுநன்மை குடுத்த அன்னிக்கு, எம் பொண்ணு கல்யாணத்துக்கும் இதே வண்டியிலதான் கோயிலுக்குப் போவான்னு ஊரைக் கூட்டிச் சொன்னாரு இல்ல?"

சொன்னாய். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். பிடிவாதம் யாருடையது என்று கேட்கவா வேண்டும்? தாய்மாமன் நான் இருக்கிறேன், வண்டி வரும் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டேன். இத்தனைக்கும் எனக்குத் தையல் மிஷினைத் தவிர வேறு மிஷின் எதுவும் தெரியாது.

உன்னோடு காரிமங்கலம் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டின திம்மராயனைக் கூட்டி வந்தேன். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "நின்ன வண்டிங்கண்ணா. இந்த ஆயிலோட எடுத்தா பொம்மிடி போய்ச் சேராது. ஆயிலு, ஃபில்டரு ரெண்டையும் மாத்திட்டுத்தான் சாவி போடணும்." தருமபுரியில் இரண்டையும் வாங்கி வந்தோம். ஆனால் பந்தல், சமையல்காரர், மணப்பெண் ரவிக்கை என்று நாள் ஓடிப்போய், கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம்தான் வண்டிக்கு அடியில் படுக்க முடிந்தது.

பங்கு மலர் படிக்கிற அம்மாக்களுக்காகச் சொல்கிறேன்: ஃபில்டர் என்பது எஞ்சின் பக்கவாட்டில் திருகி வைத்திருக்கும் ஒரு தகர டப்பா. ஆயிலில் உள்ள அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கையாலேயே மாட்ட வேண்டியது, கையாலேயே கழற்ற வேண்டியது. சூசை மாட்டியதைத் தவிர.

பழைய ஆயிலை வடித்தாகிவிட்டது. திம்மராயன் டப்பாவைப் பிடித்துத் திருகினான். வழுக்கியது. சாக்கைச் சுற்றித் திருகினான். நான் ஒரு பக்கம் பிடித்தேன். சைக்கிள் செயினை மாட்டி இழுத்தோம். அசையவில்லை. கடைசியில் திருப்புளியை டப்பாவின் வயிற்றில் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. மறுபக்கம் வந்த முனையையும் சேர்த்துப் பிடித்து இருவருமாகத் திருகினோம். டப்பாதான் கிழிந்தது. அடிப்பக்கம் எஞ்சினோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

திம்மராயன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "இனிமே பழசை வெச்சும் ஓட்ட முடியாதுங்க, ஓட்டையாயிருச்சு. ஒடைச்சு எடுத்தா எஞ்சின்ல திருகற மரை கெட்டாலும் கெட்டுரும். சூசைண்ணன் கைங்கண்ணா, பேயாட்டம் முடுக்கி வெச்சிருக்குது."

எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள், நான் திட்டினேன். அந்த வார்த்தைகளைச் சாமியார் பங்கு மலரில் போடமாட்டார். அவ்வளவு ஆசையாக ஊரைக் கூட்டிச் சொன்னவன், அந்த ஆசைக்கு நீயே இப்படிப் பூட்டுப் போட்டு வைப்பாயா? அருள்மேரியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பின்கட்டுக்குப் போனேன். தெரசா பந்திக்கு அரிசி புடைக்கிற பெண்களோடு இருந்தாள்.

"என்னண்ணா, மூஞ்சி இப்பிடிச் செத்துக் கெடக்குது?"

"சம்பந்தி வூட்டுக்குச் சொல்லியனுப்பி வேனையே வரச் சொல்லிரலாம்மா. ஃபில்டர் கழல மாட்டேங்குது."

"யாரு மாட்டுனது?"

"வேற யாரு? உன் வூட்டுக்காரன்தான்."

அவள் சிரித்துவிட்டாள், மாப்பிள்ளை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அவரு முடுக்குனத நேரா திருகுனா எப்பிடி வரும்? நடங்க" என்று எழுந்தாள்.

அடுப்படி ஆணியில் ஒரு சைக்கிள் ட்யூப் துண்டு தொங்கும், பார்த்திருப்பாய். எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீயாவது கேட்டாயா? நீ மூடினதையெல்லாம் திறக்க உன் பெண்டாட்டி வைத்திருந்த ஆயுதம் அது. அதையும், கொதிக்கும் வெந்நீரில் முக்கிப் பிழிந்த ஒரு துணியையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கிழிசல் பக்கம் தண்ணீர் போகாமல், டப்பாவின் அடிப்பக்கத்தில் துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, எஞ்சினை ஒட்டினாற்போல் ட்யூபை இறுக்கிச் சுற்றினாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

திம்மராயன் பதறிப்போனான். "அக்கா, அக்கா! அந்தப் பக்கம் இல்லீங்க, அது முடுக்கற பக்கம்!"

"தெரியும் தம்பி. அவரு முடுக்குனத மொதல்ல அவரு பக்கமே இன்னும் துளி திருகணும். அப்பத்தான் விடும்."

நானும் வேண்டாம் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தன வருசம் அவருகிட்ட நான் எப்பிடிக் காரியம் சாதிச்சேன்னு நெனைக்கிறீங்க? நீங்க சொல்றதுதாங்க சரின்னு மொதல்ல அவரு பக்கம் ஒரு திருகு. அப்புறம் என் பக்கம்."

அருள்மேரியை டீச்சர் டிரெய்னிங்குக்கு அனுப்பமாட்டேன் என்று குதியாய்க் குதித்தாயே, நினைவிருக்கிறதா? அடுத்த வாரமே நீயே பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாய். நீயாக மனம் மாறினாய் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நீயும் அப்படித்தானே நினைத்தாய்?

உன் பக்கம் ஒரு துளி திருகினாள். பிறகு மாற்றிச் சுற்றி, தன் பக்கம் இழுத்தாள். முதலில் ஒன்றுமில்லை. மறுபடி உன் பக்கம், மறுபடி அவள் பக்கம். கிறீச் என்று ஒரு சத்தம். திம்மராயன் "வருது, வருது, விட்றாதீங்க" என்று கத்தினான். ட்யூபைக் கீழே போட்டுவிட்டு அவள் வெறும் கையாலேயே திருகினாள். கருப்பு ஆயில் முழங்கை வரை வழிந்தது. டப்பா அவள் கைக்கு வந்துவிட்டது.

"வந்துருச்சுண்ணா" என்றாள். அப்படியே மட்கார்டில் சாய்ந்துகொண்டு அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? இத்தனை நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. மூச்சு நன்றாக வந்தது.

திம்மராயன் பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். புது வளையத்துக்கு ஆயில் தடவி ஃபில்டரை மாட்டினான். பழக்க தோஷம், கடைசியில் செயினைத் தேடினான். தெரசா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கையால போதும் தம்பி" என்றாள். வண்டி இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு உன் மகள் உள்ளேயிருந்து நலங்கு மஞ்சளோடு ஓடி வந்தாள்.

மறுநாள் முன் சீட்டில் அவள் உட்கார்ந்து வந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்தாயா? பூமாலை கட்டிய ஜீப்பைத் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு மட்டும் வழி நெடுக உயிர் கையில் இருந்தது. கையால் முடுக்கியது ஒழுகினால்? கோயில் வாசலில் நின்றதும், எல்லாரும் பெண்ணை இறக்குகிறார்கள், நான் புது வேட்டியோடு மண்ணில் முழங்கால் போட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்கிறேன். கையை விட்டுத் தரையைத் தடவினேன். சொட்டுக்கூட இல்லை. காய்ந்த மண்.

அந்தக் கோயில் சாமியார் என்னைப் பார்த்துவிட்டு, "என்னங்க, முழங்கால் போடறதுன்னா உள்ள வந்து போடுங்க" என்றார். உள்ளே போயும் போட்டேன். உனக்குப் பதிலாக உன் மகளின் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போனது நான்தான். என் நகக்கண்ணில் உன் ஜீப்பின் கருப்பு அப்படியே இருந்தது.

மறுவீட்டுக்கு வந்து அருள்மேரி திரும்பும் அன்று, தெரசா மேல்தட்டு ஊறுகாய் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதுவும் அவரு முடுக்குனதுதாண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலையில சோத்துக்குப் போட்டுக்கிட்டு மூடி வெச்சாரு. தொறந்தா அவரு கை போயிருமேன்னு வெச்சிருந்தேன்." ட்யூபைச் சுற்றினாள். உன் பக்கம் ஒரு துளி, தன் பக்கம் ஒரு திருகு. வாசம் வீடு முழுக்க வந்தது. பாதியைப் புதுப் பாட்டிலில் போட்டு மகளிடம் கொடுத்தாள். அருள்மேரியே அதை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சகாயம் மட்டும் பஸ் பிடித்து வந்தார். மஞ்சப் பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துக் கூச்சத்தோடு முன்னால் வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அத்த. எங்க வூட்ல ஒருத்தர் மிச்சமில்லாம பார்த்துட்டோம், தொறக்க முடியலீங்க. மூடுனவளாலயும் முடியல."

தெரசா அந்த மூடியைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் கத்திரிக்கோலை வாங்கி, ஆணியில் தொங்கிய ட்யூபைச் சரிபாதியாக வெட்டி ஒரு துண்டை மருமகன் கையில் கொடுத்தாள். "எடுத்துக்கங்க மாப்ள. மொதல்ல அவ பக்கம் ஒரு திருகு. அப்புறம் உங்க பக்கம்."

ஜீப்பை விற்கவில்லை, சூசை. திம்மராயன் ஓட்டுகிறான், தெரசாவே அவனை ஓட்டச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றும்போது நான் கூட இருப்பேன், ஃபில்டரைக் கையால்தான் முடுக்க விடுவேன், இது என் வாக்கு. நீயும் ஒரு வாக்குக் கொடு. மோட்சத்தின் வாசல் பக்கம் உனக்கு ஏதாவது வேலை போட்டுக் கொடுத்தால், கதவை மட்டும் நீ சாத்தாதே. தெரசா ட்யூபோடு வந்து சேரும்வரை நாங்கள் எல்லாரும் வெளியிலேயே நிற்க வேண்டியதாகிவிடும்.

உனக்குத் தங்கச்சியைக் கொடுத்து,
உன் மகளைக் கைப்பிடித்துக் கொடுத்த,
உன் மச்சான்
டைலர் அந்தோணி