பட்டி போட்ட கழனி

நைனா,

ஆந்திராவில் புயல் அடித்து, கடல் ஊர்களை வாரிக்கொண்டு போனதே, அந்த வருஷத்துக் கோடையைத்தான் நேற்று பெய்த மழை திரும்பக் கொண்டுவந்தது. கம்பெனி மதில் ஓரம் யாருடைய ஆடுகளோ ஒதுங்கி நின்றன. நனைந்த மண்ணில் ஆட்டு மூத்திர வாடை. வாட்ச்மேன் கம்போடு வந்து, "பட்டிக்காட்டு ஜனம், ஆட்ட எங்க கொணாந்து வுட்டுகீதுங்க பாரு" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. கால் வலிக்கவே அந்த மதிலிலேயே சாய்ந்து நின்றேன். அது நிற்பது என் கழனியில்.

நீ என்னை நைனா என்பாய், நானும் உன்னை அப்படியே கூப்பிடுகிறேன். எனக்கு எழுதத் தெரியாதென்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

அறுப்பு முடிந்ததும் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து நீயும் உன் பெண்சாதி பாப்பம்மாவும் மந்தையோடு வருவீர்கள். மூங்கில் படல்களை வட்டமாக நட்டு, ஆடுகளை அடைத்து, என் கழனியில் படுக்க விடுவீர்கள். விடிந்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். மறுநாள் படலைப் பெயர்த்துத் தள்ளி நட வேண்டும். பட்டி போட்ட கழனியை உழுது முடிக்கும்வரை யாரும் செருப்புக் காலோடு மிதிப்பதில்லை. ஊர் வழக்கம் அது.

அந்தக் கோடையில் தண்டோரா போட்டார்கள். நிலம் தொழிற்பேட்டைக்குப் போகிறது, ஆட்சேபணை இருந்தால் பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு வந்து சொல்லலாம் என்று. பின்னாலேயே சங்கிலி இழுத்து அளக்க ஆட்கள் வந்தார்கள். உன் பட்டி அவர்களுக்குக் குறுக்கே இருந்தது.

"யோவ் பட்டிக்காட்டான், கம்பெனிக்குப் போற நெலத்துல ஆட்ட மடக்கிக்கினு கீற, இன்னா கொழுப்பா?"

நீ பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டாய். "பட்டினு நீயே சொல்ட்ட நைனா. பட்டியாண்ட செருப்பு போட்டுக்கினு வரக்கூடாது. கழட்டு."

அவர்கள் சிரித்தார்கள். சங்கிலி பிடித்திருந்த பெரியவர் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போனார்.

சாயங்காலம் கூழ் ஊற்றும்போது என் வீட்டுக்காரி கேட்டாள்: "பட்டிக்காட்டான்றான், உனுக்கு ரோசமே இல்லியா?"

"இன்னாத்துக்கு ரோசம்க்கா? மொதல்ல இங்க காடுதான். எவனோ படல நட்டு ஆட்ட அடைச்சான், அது பட்டி. ஆட்டுக்குக் காவலா அவன் படுத்தான். சோறாக்க பொண்டாட்டி வந்தா. அப்பால ஊடு, அப்பால ஊரு. உள்ளத தானே சொன்னான்."

"அப்ப ஆட்டுக்குப் பொறந்த ஊருன்ற."

"ஆட்டுக்குப் பின்னால பொறந்த ஊருன்றேன்."

அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

பெரியவர் செருப்பைக் கழற்றியதை நாம் பெரிதாக நம்பிவிட்டோம். வழக்கத்துக்கு மரியாதை கொடுத்தவர்கள் நிலத்தைத் தொட மாட்டார்கள் என்று நினைத்தோம். "பட்டி போட்ட எடம், எவன் கை வெப்பான்" என்றாய். பொன்னேரிக்குப் போக வேண்டிய நாளில் நான் ஏர் பூட்டிக்கொண்டிருந்தேன். போயிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்கிறார்கள். இருக்கலாம்.

அந்த வருஷம் பயிர் கருகருவென்று வந்தது. புயல் மழை வடிந்த கையோடு செம்மண் லாரிகளும் வந்தன. கதிர் வாங்கும் பயிரின் மேலேயே கொட்டினார்கள். உன் ஆடுகள் போட்ட உரம் இன்னும் அடியில்தான் கிடக்கிறது. மதில் ஓரத்தில் யாரும் விதைக்காத கீரை அப்படி மண்டுகிறது.

அடுத்த கோடையில் படல்களோடு வந்து மதிலைப் பார்த்து நின்றாய். "இனிமே இங்க ஆடு படுக்காது. அப்ப இது இன்னா ஊரு நைனா?" என்றாய். இன்றைக்கும் யாராவது பட்டிக்காட்டான் என்றால் திரும்பிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்குக் கூழ் ஊற்றியவள் போய்விட்டாள். நீயும் போய்விட்டாய். பொங்கலுக்குப் பொங்கல் எல்லை தாண்டி உன் வீட்டுக்குப் போய் வருகிறேன். அங்கே கட்டிலில் படுத்தபடி, கண் தெரியாமல், "அண்ணா, கயனில பட்டி போட்டாச்சா?" என்று கேட்க இன்னும் ஒருத்தி இருக்கிறாள். "போட்டாச்சும்மா" என்கிறேன். உன் பாப்பம்மா.