எட்டு மாதப் பெட்ரோல்

மார்ச் 4
அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். புது ஹைபிரிட் காரில் முதல் நெடும்பயணம். வெறும் பெட்ரோல் கார் எவ்வளவோ மலிவு, ஆனால் தினமும் வேலைக்குப் போய்வரும் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாது. முழு மின்சாரக் காரென்றால், அம்மா ஊர் வரை முந்நூறு கிலோமீட்டரில் சார்ஜ் போட இடமே இல்லை. அதனால்தான் பெட்ரோல், பேட்டரி இரண்டும் உள்ள இதை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கினேன். "இனிமே மாசாமாசம் வந்துடுவேல்ல?" என்றாள் அம்மா. தலையாட்டினேன். திரும்பும்போது வீட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் தொட்டியை நிரப்பியாயிற்று.

ஏப்ரல் 19
ஒரு சொட்டுகூடச் செலவாகவில்லை! வீடு, நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடம், மறுபடி வீடு. வாசலில் சார்ஜ் போட்டால் போதும். பெட்ரோல் முள் அசையவே இல்லை.

ஜூன் 8
இந்த மாதமும் அம்மாவிடம் போகவில்லை. போனால் முள் இறங்கிவிடும் – இதை யாரிடம் சொல்வது? "பெட்ரோலை அடைகாக்கறியா?" என்று கேட்டுச் சிரிக்கிறார் வீட்டுக்காரர்.

ஆகஸ்ட் 21
போனில் அம்மா: "என்னப் பாக்கத்தானேடி வாங்கினே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அக்டோபர் 2
திரையில் எச்சரிக்கை. பெட்ரோல் பழசாகிவிட்டதாம், எஞ்சினை ஓட்டித் தீர்க்க வேண்டுமாம். பொத்தானை அழுத்தி மறைத்துவிட்டேன். பரிசோதனைக் கூடத்தில் காலாவதியான ரசாயன பாட்டிலை ஒருநாள்கூட விட்டுவைக்காதவள் நான்.

நவம்பர் 11
காலையில் அண்ணன் போன். "அம்மாவுக்குப் பக்கவாதம்னு சொல்றாங்க. பேச்சு இருக்கு. உன்னைத்தான் கேக்கறா. உடனே கிளம்பு."

கிளம்பினோம். அறுபது கிலோமீட்டரில் பேட்டரி தீர்ந்தது. எஞ்சின் இருமியது, குலுங்கியது, நடுவழியில் நின்றது. மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"பெட்ரோல் கெட்டுப்போச்சும்மா. கடைசியா எப்போ தூரமா ஓட்டினீங்க?"

அம்மாவைக் கடைசியாகப் பார்த்த அன்றைக்கு.

ஐந்து மணி நேரம் தாமதம். அம்மாவின் கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். "மத்தியானம் வரைக்கும் பேசிட்டிருந்தா" என்றான் அண்ணன்.

நவம்பர் 13
என்னத்த மிச்சம் பிடிச்சேன்? என்னத்த? பாவி நான்.

பிப்ரவரி 20
பதினான்காவது சனிக்கிழமை. எச்சரிக்கை இப்போது வருவதே இல்லை. வாரத்துக்கு வாரம் தொட்டி காலியாகிறது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றும் பேசவில்லை.