ஆறு ஆணி போட்ட கூரை

நேற்று திருச்சுழி ரோட்டில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை நிறுத்திவிட்டதால் புகை முழுவதும் ஜன்னல் வழியாக என் முகத்துக்கே வந்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. செத்தவனை ஏச வேண்டாம் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். நான் ஏசப் போவதில்லை. நடந்ததைச் சொல்லப் போகிறேன், உனக்கு அதுவே போதும்.

சண்டை முடிந்த மறுவருஷம் நீ பட்டாளத்திலிருந்து வந்தாய். பர்மாப் பக்கம் லாரி ஓட்டியவன் இனிமேல் மாடு ஓட்டமாட்டேன் என்றாய். மதுரையில் ஏலம் போட்ட பட்டாளத்துச் சாமான்களில் பொறுக்கிப் பொறுக்கி ஒரு காருக்கு வேண்டியதைச் சேர்த்தாய். அருப்புக்கோட்டை வரை லாரியில் வந்ததை அங்கிருந்து என் மாட்டுவண்டியில்தான் ஏற்றி வந்தோம். எஞ்சின் ஒரு நடை, அச்சும் சக்கரமும் ஒரு நடை. மாட்டுவண்டியில் கார் வருகிறது என்று ஊரே சிரித்தது. மூன்று மாதத்தில் அதைப் பூட்டி நீ ஓட்டிக் காட்டியதும் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. நம் பக்கத்து வெயிலில் திறந்த காரில் போனால் அருப்புக்கோட்டை சேர்வதற்குள் ஆள் கருவாடாகிவிடுவான். வாடகைக்கு யார் ஏறுவார்கள்? நானோ வண்டி செய்கிற ஆசாரி. மூங்கிலை வளைத்துப் பாய் போட்டுக் கூண்டு கட்டத்தான் தெரியும்.

"பாயெல்லாம் வேணாம்லே மாப்ள. பஸ்ஸுக்கு இருக்குற மாதிரி கெட்டியாப் போடு" என்றாய். அதோடு விட்டாயா? "ஆனா கழட்டி மாட்டுறாப்புல இருக்கணும். கல்யாண ஊர்கோலத்துல கூரை இருந்தா மாப்பிள்ளை மொகம் எப்பிடித் தெரியும்?"

வாகை மரத்தில் சட்டம் அடித்தேன். மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஒன்றோடு ஒன்று மடித்துச் சேர்த்தேன். தகரம் என் தொழில் இல்லை, கையெல்லாம் கீறல். இடுக்குகளில் நீ தார் ஊற்றினாய், என் காலிலும் கொஞ்சம் ஊற்றினாய். அந்தப் பதினைந்து நாள் சிரித்ததுபோல் அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் ஓட்டத்திலேயே கூரை பறந்தது. அது என் தப்பு, ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறேன். மாடு நடக்கிற வேகத்துக்குத்தான் அதுவரை நான் கூண்டு போட்டிருந்தேன். கனத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் என்று கூரையின் ஆறு கால்களையும் காரின் இரும்புக் குழல்களில் சும்மா இறக்கி வைத்திருந்தேன். காற்று அடியில் புகுந்து தூக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளை, கூரை ஒரு கருவேல மரத்தில் போய் மாட்டிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

மறுநாளே குழலையும் காலையும் சேர்த்துத் துளைத்து, வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி போடுவதுபோல ஆறு ஆணி குறுக்கே போட்டேன். நாலு பேர் தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை.

"ஆறும் இருக்கணும்லே. ஒண்ணு கொறஞ்சாலும் வண்டிய எடுக்காத" என்றேன்.

"உத்தரவுங்க ஆசாரி" என்று கும்பிட்டுக் கேலி செய்தாய்.

ஒரு வருஷம் அந்தக் கூரை வெயிலையும் காற்றையும் தாங்கியது. பிறகு பரளச்சியில் ஒரு கல்யாணம் வந்தது. ஊர்கோலத்துக்காகக் கூரையைக் கழற்றினாய். மறுநாள் காலையில் சந்தைக்கு ஆள் ஏற்றுகிற அவசரத்தில் நாலு ஆணியைக் கல்யாண வீட்டிலேயே விட்டுவிட்டாய். திரும்பிப் போய் எடுக்க உனக்கு உடம்பு வணங்கவில்லை. இரண்டு ஆணியைப் போட்டு, மீதி நாலு காலையும் தேங்காய்க் கயிற்றால் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாய்.

இந்தத் தடவை பறந்த கூரை மரத்தில் மாட்டவில்லை. ஜவுளி மூட்டையோடு சைக்கிளில் போன அருப்புக்கோட்டை நெசவுக்காரர் மேல் விழுந்தது. தறியில் நாடா தள்ளுகிற வலது கை முட்டியில் முறிந்தது. எத்தனை கட்டுப் போட்டும் அது கடைசி வரை நேராகவே இல்லை.

தகவல் வந்து நான் ஓடி வந்தேன். குழலில் தொங்கிய கயிற்றைப் பார்த்தேன். நான் அதைப் பார்த்துவிட்டதை நீ கவனித்தாய். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாய்.

"மாப்ள, வாயத் தொறந்துராத. லைசென்ஸு போயிரும். மூணு பொம்பளப் புள்ளைகள வச்சிருக்கேன். கொஞ்ச நாள் பொறு, நானே சொல்லிருறேன்."

பொறுத்தேன். நீ சொன்னாய், ஆனால் நான் எதிர்பார்த்ததை இல்லை. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "ஆசாரி போட்டது மாட்டுவண்டிக் கூண்டு. காருக்குத் தாங்குமா? மொத நாளே பறந்துச்சே" என்றாய். முதல் நாள் பறந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதனால் ஒருவரும் உன்னைச் சந்தேகப்படவில்லை.

உன் வீட்டுக்கு வந்து, "ஏன்லே இப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒனக்கு மரம் இருக்கு, உளி இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்கிருவ. எனக்கு இது ஒண்ணுதானலே" என்றாய்.

உன் பெண்களை நினைத்து நானும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் வண்டி செய்யக் கொடுக்க யாரும் வரவில்லை. என் பட்டறையை மூடிவிட்டு அருப்புக்கோட்டை மரக்கடையில் இன்னொருவனுக்குக் கீழே பலகை அறுத்தேன். நீ பஸ் டிரைவர் ஆனாய். உன் மூன்று பெண்களின் கல்யாணத்துக்கும் வந்து கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லுவாய் என்று நம்பினேன். என் முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை.

போன மாதம் கட்டிலில் நீ கிடந்த கிடப்பைப் பார்க்க வந்தேன். உன் பெரிய மகள் உன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நீ என்னை அடையாளம் கண்டுகொண்டாய். இப்போதாவது சொல்லுவாய் என்று குனிந்தேன்.

"அந்தக் கூரைய இன்னுங் கொஞ்சம் இறுக்கிப் போட்டுருக்கலாம்லே மாப்ள" என்றாய்.

உன் கண்ணில் கள்ளம் இல்லை. சொல்லிச் சொல்லி உனக்கே அது நிஜமாகிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறவனிடம் கயிற்றைப் பற்றி என்ன பேசுவது? "ஆமாலே, போட்டுருக்கலாம்" என்றேன். நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த நெசவுக்காரரின் மகனும் வந்திருந்தான். உன் பெரிய மகள் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "அப்பாட்ட மாமா கடைசியில ஒத்துக்கிட்டாக. அவுகளுக்குப் பெரிய மனசு" என்றாள். அவள் மேல் குற்றமில்லை, காதால் கேட்டதைத்தான் சொன்னாள். நெசவுக்காரரின் மகன் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"எங்கய்யா சாகுற வரைக்கும் ஒங்க பேரச் சொல்லித்தான் ஏசுனாக. நீங்க ஒத்துக்கிட்டீகள்ல, இனிமே எம் மனசுல ஒண்ணும் இல்ல."

அவன் அழுதான். உன்னை மன்னிக்க வேண்டியவன் என்னை மன்னித்துவிட்டுப் போய்விட்டான். இனி நான் எதைச் சொன்னாலும் ஊரில் யார் நம்புவார்கள்?