நன்றி ஃப்ளெக்ஸும் பதினாறாவது கேமராவும்

அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை, காலை 10.17. ஜங்ஷனில் இதுவரை நிறுத்திய டிப்பர் லாரிகள் ஏழு.

நிறுத்துவது ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் காவலர். நீ நின்ற அதே இடம். கடையில் உட்கார்ந்து பதினாறாவது கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வியாபாரிகள் சங்கம் போலீசுக்குப் போட்டுக்கொடுத்த கேமராக்களை இப்போதும் நான்தான் பராமரிக்கிறேன். இன்னும் பதினைந்து ஓடுகின்றன. கண் அங்கே போகவில்லை. ஏழாவது வண்டி அந்தப் பெண்ணின் கைக்கு வேகம் குறைத்தது, நிற்பதற்கு முன் இரண்டு வினாடி தயங்கியது. நான் எழுந்து திரைக்கு அருகே போய்விட்டேன். வண்டி நின்ற பிறகும் அந்த இரண்டு வினாடி கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன், மக்கா.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நான் கேமரா வேலைக்கு வந்தேன், நீ காவலர் தேர்வு எழுதிப் போனாய். இந்தக் கேமராவை மாட்டிய அன்று யூனிஃபார்மோடு எனக்கு ஏணி பிடித்தாய். டீக்கடை அண்ணாச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "போலீசு ஏணி பிடிக்கி, கள்ளன் கேறுதான். நாடு வெளங்கீரும்" என்றார். நீ ஏணியை ஓர் ஆட்டு ஆட்டினாய். நான் கெட்ட வார்த்தை சொன்னேன். ஜங்ஷனே சிரித்தது.

அன்றைக்கு ஊருக்கு உன்மேல் பிரியம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். வெயிலில் நிற்கும்போது அண்ணாச்சி மோர் கொடுத்தனுப்புவார். போன வருஷம் திருவிழா அடிதடி இல்லாமல் முடிந்ததும் சங்கத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். 'இரவு பகல் பாராது எங்களைக் காத்த காவல்துறைக்கு நன்றி'. வலது மூலையில் உன் படமும் இருந்தது. அதை எங்கே கட்டினார்கள்? கேமராக் கம்பத்தில், கேமராவுக்கு நேர் முன்னால்.

நீ போன் பண்ணினாய்.

"மக்கா, ஃப்ளெக்ஸு கேமராவ மறைக்கி. கொஞ்சம் தாத்திக் கெட்டச் சொல்லுவியா?"

"நீ சொல்லேம்லே. நீதானே போலீசு."

"எனக்க மூஞ்சி இருக்க ஃப்ளெக்ஸ நானே அவுக்கச் சொன்னா என்ன நெனப்பாவ? நன்றி சொல்லுதவங்ககிட்ட மொறைச்ச மாதிரி இருக்கும்."

"எனக்கு வேற சோலி இல்லியா? பத்து நாள்ல அவங்களே அவுப்பாங்க."

பத்து நிமிட வேலை. இரண்டு கயிற்றை அவிழ்த்து மூன்றடி கீழே கட்டவேண்டும், அவ்வளவுதான். நான் போகவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்றே முக்கால். எதிர்ப்பக்கம் செல்போன் கடையில் கேபிள் மாற்ற ஏணியில் நின்றிருந்தேன். அருமனைப் பக்கமிருந்து கல் ஏற்றிய டிப்பர் வந்தது. நீ கை காட்டினாய். ஒருமுறை உன்னிடம் கேட்டேன், பயம் இல்லையா என்று. "உண்டும். அதான் மொகத்தப் பாக்கமாட்டேன். முன் டயரப் பாப்பேன். டயரு சொல்லீரும், நிக்குமா நிக்காதான்னு" என்றாய். அன்றும் டயரைத்தான் பார்த்திருப்பாய். டயர் மெதுவாகி, உன்னை நம்பவைத்து, பிறகு வேகமெடுத்தது. உன்னை இடித்துவிட்டும் வண்டி நிற்கவே இல்லை.

நீ டயரைப் பார்த்தாய். நான் முகத்தைப் பார்த்தேன். ஏணி லாரி கேபினுக்குச் சரியான உயரம். ஓட்டியது குவாரி முதலாளியின் மகன். அவர்கள் ஆபீசுக்குக் கேமரா மாட்டியவன் நான், முகம் நன்றாகத் தெரியும். இரண்டு நாள் கழித்து அவர்களிடம் வேலை பார்க்கும் டிரைவர் ஒருத்தர், தான்தான் ஓட்டியதாகச் சரணடைந்தார்.

பதிவை எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஸ்டேஷனில் எல்லாரும் சுற்றி நிற்க ஓடவிட்டேன். திரை முழுக்க ஃப்ளெக்ஸின் வெள்ளை முதுகு, காற்றில் உப்பி உப்பி அமுங்கியது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "நீ ஏணியில நின்னியேப்பா. டிரைவரப் பார்த்தியா?" என்றார்.

"இல்ல சார். செவரப் பாத்துட்டு நின்னேன்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பயத்தில் வாய் தானாகச் சொன்னது. அண்ணாச்சி கடைக்குள் இருந்தாராம். பழக்கடைக்காரர் குனிந்து பெட்டி அடுக்கினாராம். செல்போன் கடைக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தாராம். அத்தனை பேரின் பெயரும் உன் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் இருந்தது, என் பெயரும் சேர்த்து. அதையும் அதே கம்பத்தில்தான் கட்டினார்கள். நான் பிளேடால் கயிற்றை அறுத்தேன். "செத்தவனுக்க படத்த அவுக்குதியே, நீயெல்லாம் ஒரு கூட்டாளியாலே?" என்று சங்கத் தலைவர் ஊர் கேட்கத் திட்டினார். ஃப்ளெக்ஸைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். அந்தக் கேள்வி தப்பு இல்லை.

உன் அம்மா மட்டும் திட்டவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாயா கொடுத்துவிட்டுக் கேட்டார்: "சுத்தி அவ்வளவு பேரு நின்னாவளே மக்களே. எனக்க பிள்ளைய இடிச்சவன ஒருத்தரும் கண்டில்லியா?" சாயா சூடு என்று சொல்லி ஊதிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் கோர்ட்டில் விசாரணை. பதிவை எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்கும் சம்மன் வந்திருக்கிறது. ஃப்ளெக்ஸ் மறைத்தது, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அதைக் குவாரிக்காரர்களும் கணக்குப் போட்டிருக்கிறார்கள் போல. சனிக்கிழமை இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். மரியாதையான பேச்சு. ஒருத்தர் கேமரா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் வைக்கிய. ஒனக்க வீட்டு முன்னால ஒண்ணும் காணல்லியே மக்களே?"

"வைக்கணும் அண்ணா."

"வச்சிரு. அம்மெ காலத்த அஞ்சரைக்குத் தனியாத்தானே பாலுக்குப் போறாவ."

போய்விட்டார்கள். கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அம்மாவைப் பாலுக்கு விடவில்லை. ஏன் என்று கேட்கிறார், எரிந்து விழுகிறேன். ரோட்டில் டிப்பர் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். நீ இந்தப் பயத்தோடு தினமும் எட்டு மணி நேரம் நடு ரோட்டில் நின்றிருக்கிறாய். நீ சொல்லியும் எனக்கு அது உறைக்கவில்லை. ஃப்ளெக்ஸில் உன் படத்தைப் பார்த்து, "கொள்ளாம்லே, மந்திரி மாதிரி இருக்கிய" என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

10.51. எட்டாவது வண்டி. அந்தப் பெண் கை காட்டுகிறார். இடித்தவன் வெளியே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இதற்கு மேல் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. செய்யவேண்டியதை எழுதிவிடுகிறேன். எழுதினால் செய்துவிடுவேன், என் புத்தி அப்படி.

1. இன்று மதியம் அம்மாவையும் அப்பாவையும் தோவாளையில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவேன். காரணத்தை மறைக்காமல் சொல்வேன்.

2. அங்கிருந்து நேராக உன் வீடு. கோர்ட்டில் கேட்பதற்கு முன் உன் அம்மா என் வாயால் கேட்கவேண்டும். நான் கண்டேன் என்பதையும், பொய் சொன்னேன் என்பதையும்.

3. டீக்கடை அண்ணாச்சியிடம் கூட வருகிறீர்களா என்று கேட்பேன். வரமாட்டார் என்றே நினைக்கிறேன். கேட்காமல் விடமாட்டேன்.

4. நாளை காலை பத்து மணிக்கு டி.எஸ்.பி. ஆபீஸ். முதலில் சொன்னது பொய், கண்டது இது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கடைக்கு வந்து மிரட்டியதையும் சேர்த்து எழுதுவேன்.

5. அடுத்த வாரம் கூண்டில் ஏறி, ஓட்டியவன் பெயரைச் சொல்வேன். குரல் நடுங்கத்தான் செய்யும். கோர்ட்டில் நடுக்கத்தை எழுதமாட்டார்கள், பெயரை மட்டும்தான் எழுதுவார்கள்.