மூன்றாவது அடுக்கு

மிதவை நிலையம், தாமிரபரணி முகத்துவாரம்
பதிவு: உலகம்மை, நீரோட்ட ஆய்வாளர்

11 மே 2061, 07:10
கடல் ஓதம் ஏறத் தொடங்கியது. மேலே ஆற்று நீர்; லிட்டருக்கு மூன்று கிராம் உப்பு. ஐந்து மீட்டருக்குக் கீழே கடல் நீர், முப்பத்தைந்து. கலக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கணினியில் ஓட்டிய நீரோட்ட மாதிரி சொன்னதும் இதைத்தான்.

12 மே, 09:30
இன்று முதல்முறையாக உணரியைத் தரைவரை இறக்கினேன். அங்கே தரையோடு ஒட்டி மூன்றாவதாக ஓர் அடுக்கு. உப்பு நாற்பத்தொன்று. ஆக்சிஜன் துளியும் இல்லை. உணரியைத் தூக்கிக் கழுவி மறுபடி இறக்கினேன். அதே எண். அதன் பித்தளை வளையம் கறுத்திருந்தது.

13 மே, 08:45
அடுக்கு இரண்டு மீட்டர் தடித்துவிட்டது. 37 பாகை வெப்பம். அடியிலிருந்து எதுவோ சூடேற்றுகிறது. உப்பின் கனம்தான் இந்த நீரை அமுக்கி வைத்திருக்கிறது; சூடேற ஏற இலேசாகும். 44 பாகையில் புரண்டு மேலே வரும். அதில் கரைந்திருக்கும் நச்சுவாயுவும் வரும். மாதிரியைத் திருத்தி மூன்று முறை ஓட்டினேன். நாளை மாலை நான்கு மணி என்கிறது.
எச்சரிக்கக் கரையிலுள்ள வயர்லெஸ் கோபுரத்தை அழைத்தேன்; பதில் தரவில்லை.

14 மே, 13:20
42 பாகை. மடவை மீன்கள் செத்து மிதக்கின்றன. கடல்காற்று நேராகச் சிலுவைக்காயல் ஊரை நோக்கி வீசுகிறது. நானூறு வீடு. வயர்லெஸ்ஸில் கிடைத்தவர் எனக்குச் சாமான் கொண்டுவரும் அந்த ஊர்ப் படகுக்காரர் சவேரி அண்ணன் மட்டும். பாதி வழியில் இருந்தார்.
"அண்ணே, இங்க வராதீய. விஷவாயு கிளம்பப்போவுது. திரும்பிப் போயி ஊரை மேட்டுக்கு ஏத்துங்க."
"நீங்க அங்கன தனியா கெடந்து என்னம்மா செய்வீய? ஏத்திக்கிட்டே போயிருதேன்."
"அதுக்கு அரைமணி நேரம் ஆவும். உங்க வீட்ல எத்தன பேரு?"
"ஏழு பேரும்மா."
படகு திரும்பியது. கூப்பிட்டுவிடுவேனோ என்று பயந்து மைக்கைக் கீழே வைத்தேன்.

14:05
44. கணக்கில் இரண்டு மணி நேரம் தவறிவிட்டேன். தண்ணீர் பால் நிறமாகிறது. குமிழ்கள். அழுகிய முட்டை வாடை. மூக்கில் ஈரத்துணி கட்டியிருக்கிறேன். கண் எரிகிறது.
கரையில் மாதா கோயில் மணி. நிற்காமல் அடிக்கிறார்கள்.

14:12
இதைப் படிப்பவர்களுக்கு. மற்ற முகத்துவாரங்களிலும் உணரியைத் தரைவரை இறக்குங்கள். நாங்கள் ஒரு மீட்டர் மிச்சம் வைத்தே அளந்துகொண்டிருந்தோம். இத்தனை வருடமும்.

14:17
வாடை நின்றுவிட்டது. காற்று சுத்தமாக இருப்பதுபோல் தெரிகிறது. வாயுமானி ஏறிக்கொண்டே போகிறது. மூக்குதான் முதலில் சாகும் என்று எங்கோ படித்த

14:31 – தானியங்கிப் பதிவு
உள்வரும் குரல்: "அம்மா, எல்லாரும் மேட்டுக்கு ஏறியாச்சு. புள்ளைகள எல்லாம் எண்ணிப் பாத்துட்டோம். கேக்குதாம்மா? ...அம்மா?"
பதில் அனுப்பப்படவில்லை.