பதினான்கு பங்கு ஏற்றிய காந்தாரம்

தம்புரா நாதம் எழுப்பும் உன் சுருதிப் பெட்டி என் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையின் மை வாசனை அதன் துணி உறையை விட்டு இன்னும் போகவில்லை. காலையிலிருந்து நாலு தடவை அணைத்தேன். நாலு தடவையும் நானே எழுந்து போய்ப் போட்டேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் நான் சர்ச்சில் கீபோர்டு வாசித்துவிட்டு வில்லியனூர் வீட்டுக்குத் திரும்புவதற்குள் நீ பாகூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து காத்திருப்பாய். சாப்பிட்டதும் மோகன ராகம் எடுப்பாய். காந்தாரத்தில், அந்த 'க' சுரத்தில், வந்து நின்றதும் என் கீபோர்டை முறைப்பாய்.

"உன் பொட்டி காந்தாரத்தத் தூக்கிக் குடுக்குதுடி. அது கூட பாட நான் ஏணி போட்டு ஏறணும்."

"ஜப்பான்காரன் தப்பா செய்வானா? உன் காதுல கோளாறு."

"அவன் இன்னா, தம்புரா பக்கத்துல குந்திக்கினு கேட்டானா?"

சிரித்துத் தள்ளிவிட்டேன். எந்தக் கட்டைச் சுருதியிலும் வாசிக்க வசதியாக, கீபோர்டு பன்னிரண்டு சுரங்களையும் சம தூரத்தில் நிறுத்தியிருக்கிறது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நூறு பங்கு என்று வைத்தால், தம்புராவில் தானாக ஒலிக்கும் காந்தாரம் அதைவிடப் பதினான்கு பங்கு கீழே இருக்கிறது. நீ அங்கேதான் நின்றாய். இது எனக்கு அன்று தெரியாது. உனக்குக் கணக்குத் தெரியாது, இடம் தெரிந்திருந்தது.

சென்னை சபா ஒன்று புதியவர்களுக்கு மேடை தருவதாகச் சொல்லிப் பாட்டுப் பதிவு கேட்டபோது, என் கம்ப்யூட்டரில்தான் பதிந்தோம். இந்தப் பெட்டி ஒரு தடத்தில், உன் குரல் இன்னொன்றில். நீ கிளம்பிய பிறகு, சுரம் விலகினால் சிவப்பாகக் காட்டும் திரையைப் பார்த்தேன். நீ காந்தாரத்தில் நின்ற இடமெல்லாம் சிவப்பு. பாவம், பதற்றத்தில் இறங்கிவிட்டாள் என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கீபோர்டின் அளவுக்கு மேலே ஏற்றினேன். எல்லாம் பச்சையாயிற்று. உன்னிடம் சொல்லாமல் அனுப்பினேன். பழைய பதிவின் மேலேயே சேமித்தும் தொலைத்தேன். உனக்கு நல்லது செய்ததாக நினைத்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன், தெரியுமா.

காந்தாரத்தில் சுருதி சேரவில்லை என்று பதில் வந்தது. அன்று மாலையே அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டேன். நீ காந்தாரத்தில் நிற்கும்போதெல்லாம் தம்புராவும் குரலும் ஒட்டாமல் அதிர்ந்தன. என் கைவேலை என்று புரிந்துவிட்டது. மறுநாள் நீ கடையிலிருந்து போன் செய்தாய்.

"நான் சரியாத்தானேடி பாடினேன்?"

"வுடு, அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னேன். பயம். கிறிஸ்துமஸ் முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளினேன். நீ ஞாயிற்றுக்கிழமை வருவதைக் குறைத்தாய். வந்தாலும் டீ குடித்துவிட்டுப் பிள்ளைகள் பேச்சுப் பேசிக் கிளம்பினாய். பாடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆறு வருடம் போனது. போன ஆடியில் நீயும் போய்விட்டாய்.

நேற்று உன் மகள் வந்தாள். பெட்டியை மேசையில் வைத்தாள். "இத நீங்களே வெச்சிக்கோங்க பெரியம்மா. எங்க வூட்ல யாருக்கும் சுருதி நிக்காது. நான் பாட்டு கத்துக்கணும்னு கேட்டப்ப அம்மாவே சொன்னாங்க, வேணாம், என் காதுதான் உனக்கும் இருக்கும்னு."

நான் செய்த தப்பு உன்னோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். பெண் வரைக்கும் போயிருக்கிறது. அவளை உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னேன். பெட்டியைப் போட்டு, கீபோர்டின் காந்தாரத்தை அழுத்தி, பிறகு அதைப் பதினான்கு பங்கு இறக்கிக் காட்டினேன். அவளுக்கு வித்தியாசம் உடனே கேட்டது. "ரெண்டாவதுதான் அம்மாவோடது" என்றாள். நல்ல காது, உன் காது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இத அப்பவே சொல்லியிருந்தா அம்மா பாடிக்கினு இருந்திருப்பாங்க, இல்ல பெரியம்மா?"

ஆமாம் என்றேன். உன் பெண்ணிடம் பொய் சொல்ல முடியவில்லை. உன்னிடம் ஆறு வருடம் சொல்ல முடிந்தது.