ஹுஸ்னியாவின் நீலக் கார்டு

சாய்ந்தமருது,
2025 ஜூலை 14.

அன்புள்ள தங்கச்சி ஹுஸ்னியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கே நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். லெஸ்டரில் நீயும் உன் மாப்பிள்ளை சுபியானும் மகளும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். ஒரு குறையுமில்லை என்று எழுதியது கைப்பழக்கம். மிச்சத்தை வாசித்தால் உனக்கே விளங்கும்.

நீ கேட்ட சாட்சிக் கடிதம் இந்த உறைக்குள்ளேயே தனியாக மடித்து வைத்திருக்கிறேன். கல்முனையில் மொழிபெயர்ப்புச் செய்யும் சீனிமுகம்மது சேர் அதை இங்கிலிசில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் வைத்துத் தந்தார். அதை உன் மேன்முறையீட்டோடு சேர்த்து அனுப்பு. நீ இப்போது வாசிக்கிற இந்தக் கடிதம் உனக்கு மட்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். உன் போன் குசினியில் கிடந்து ஊருக்கே கேட்கப் பேசும், சுபியானும் மகளும் பக்கத்தில் நிற்பார்கள். அதனால்தான் பேனை எடுத்தேன். அபாயா வெட்டுகிற மேசையில் வைத்து, நின்றபடி எழுதுகிறேன். இருந்து எழுதினால் எழும்புவது பெரிய பாடு.

நீ கேட்டுப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. சேரையும் தபாலையும் குற்றம் சொல்ல வேண்டாம். முதல் ஏழு நாளும் எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன்.

காரணம் பொறாமை. மூத்தவள் இப்படிச் சொல்வது வெட்கம்தான். ஆனால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முதல், நடக்க ஏலாதவர்களுக்கு அங்கே தருகிற அந்த நீலக் கார்டை உன் காரின் முன்கண்ணாடிக்குள் வைத்துப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டாய். இனிக் கடை வாசலிலேயே கார் நிறுத்தலாம், தூரம் நடக்கத் தேவையில்லை, மாதக் கொடுப்பனவும் சரிவந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். நானும் போட்டேன், ஒரு இதயமும் சேர்த்து. பிறகு அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். கார்டில் சக்கர நாற்காலிப் படம், பக்கத்தில் நேரம் வைக்கிற சின்ன மணிக்கூடு, பின்னால் கடையின் கண்ணாடிக் கதவு. கதவுக்கும் காருக்கும் இடையில் பத்து அடி இருக்காது. அன்று நான் மருந்து எடுக்க மூன்று பஸ் தரிப்பிடத் தூரம் நடந்திருந்தேன், ஆட்டோக்காரன் வர மறுத்ததால்.

உனக்கும் எனக்கும் ஒரே வருத்தம். கிளினிக் டாக்டரும் அதைத்தான் சொன்னார், முதுகெலும்பு மூட்டில் வருகிற வாதம், ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கும் வரும் என்று. உனக்கு அங்கே கண்டுபிடித்து, நீ என்னையும் காட்டச் சொன்ன பிறகுதானே நான் காட்டினேன். அதுவரைக்கும் இடுப்புப் பிடிப்பு என்று எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தேன். என் வருத்தத்தின் பெயர்கூட உன்னிடமிருந்து வந்ததுதான். பெயர் எனக்கும் வந்தது, கார்டு உனக்கு மட்டும் வந்தது.

நானும் இங்கே ஏலாதவர்களுக்கான கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தேன். அதை உனக்குச் சொல்லவில்லை, கிடைத்த பிறகு சொல்லிப் பெருமைப்படலாம் என்று. பிரதேச செயலகக் கந்தோர் வாசலில் காவலாளி ஆட்டோவை உள்ளே விடவில்லை. கதவடி வரைக்கும் விடுங்கள், நடக்க ஏலாது என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ரெண்டு காலும் நல்லாத்தானே இரிக்கி" என்றார். உள்ளே கதவுக்குப் பக்கத்தில் நிலத்தில் சக்கர நாற்காலிப் படம் கீறி இடம் ஒதுக்கித்தான் இருந்தது. அதன் மேல் ஆறு மோட்டார் சைக்கிள் நின்றன. படிவத்தில் கண், காது, கை, கால் என்று கட்டங்கள். வலிக்குக் கட்டம் இல்லை. "மற்றவை" என்ற இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்றார்கள். இனி நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். அரசாங்கத்திலிருந்து ஒரு ஆள் வீட்டுக்கு வருகிறதென்றால் நம் வீட்டில் எப்படி? சுபஹுத் தொழுகைக்கே எழும்பி இரண்டு வலிக் குளிசையைப் போட்டுக்கொண்டு முற்றம் கூட்டினேன், வீடு துடைத்தேன், கதவுச் சீலையைக் கழற்றிக் கழுவிக் காயப்போட்டேன், வட்டிலப்பமும் அவித்தேன். பெருநாளைக்கு உடுத்த அந்தப் பச்சைச் சாரியையும் உடுத்திக்கொண்டு நின்றேன். வந்தது சுலக்சனா என்று ஒரு பிள்ளை, நல்ல மரியாதையான பிள்ளை. வட்டிலப்பத்தில் இரண்டாவது துண்டும் எடுத்தது. வீட்டு வேலை ஆர் செய்றது என்று கேட்டது. நான் வாயைத் திறக்க முதல் உன் மச்சான் ஜவாத், "எங்கட வீட்டில எல்லாம் அவதான், ஒருத்தரையும் கை வைக்க விடமாட்டா" என்று பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன், புகழ்ந்துவிட்டாரே என்று.

அது போன பிறகு இரண்டு நாள் பாயை விட்டு எழும்பவில்லை. அதைப் பார்க்க ஒரு உத்தியோகத்தரும் வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் அன்றாட வேலைகளைத் தாமே செய்யக்கூடியவர் என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளையில் கோபமில்லை. கண்டதைத்தானே எழுதியது.

இந்த நிலையில்தான் உன் போன் வந்தது. மூன்று வருடம் முடிந்து என்னைத் திரும்ப விசாரித்தார்கள் ராத்தா, போனில் அந்த வெள்ளைக்காரி இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள், நான் அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம் என்று சொல்லிவிட்டேன், அவள் அதை அப்படியே எழுதிவிட்டாள், கொடுப்பனவும் நின்றது, கார்டும் போகப் போகிறது என்று நீ அழுதாய். நான் சூச்சூ என்றேன், அல்லாஹ் போதுமானவன் என்றேன். ஆனால் ஹுஸ்னியா, உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்தது. இனி அவளும் நடக்கட்டும் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டு அன்று சோறு நன்றாக இறங்கியது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. போன வருடம் என் மகள் சஹ்லாவின் கலியாணத்துக்கு நீ வந்து மூன்று கிழமை நின்றாயே. நடு அறையில் பேனுக்குக் கீழே நீ படுத்திருப்பாய். வருகிற சொந்தமெல்லாம் முதலில் உன்னிடம் போய், என்ன புள்ள, எப்படிப் புள்ள என்று கேட்கும். கலியாண வீட்டு உம்மா நான், நூறு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறேன், எனக்கும் அதே வருத்தம், என்னிடம் கேட்பது சீனி காணாது என்று மட்டும். நான்தான் உனக்கும் தண்ணி கொண்டு வந்து தந்தேன். ஞாபகம் இருக்கும்.

அப்போது உனக்கு "லண்டன் வருத்தம்" என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். உன் காதிலும் விழுந்தது. அது சுஹறா மாமியின் வாய் என்று நினைத்து நீ அவரோடு இன்றுவரை கதைப்பதில்லை, பெருநாளைக்குக்கூட ஒரு ஸலாம் சொல்லவில்லை. அவ பாவம், அவ சிரிச்சது மட்டும்தான். பெயர் வைத்தது நான். "அது லண்டன் வருத்தம் மாமி, பிளேனால இறங்கினா கூடும், ஏறினா சுகம்" என்று குசினியில் நின்று சொன்னது உன் சொந்த ராத்தா.

தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்பது லேசு. அன்று சுபஹுக்கு உன்னை எழுப்ப வந்தேன். நீ முழித்திருந்தாய். இடப்பக்கம் புரண்டு, கால் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே போட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாய். வாய் துணியைக் கடித்தபடி. நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒருவர் நடிக்க மாட்டார். அதோடு அந்தப் புரளலும் அந்தப் பிடியும் எனக்குத் தெரியும், என் அறையில் நான் பிடிப்பது அலுமாரியின் காலை. உன் மச்சான் பள்ளிக்குப் போய்த் தொழுது திரும்பி வரும் வரைக்கும் நீ எழும்பவில்லை. அதைக் கண்டுவிட்டுத்தான், அன்று பகல் குசினியில் அந்தப் பெயரை வைத்தேன்.

ஏன் என்று இந்தப் பன்னிரண்டு நாளும் யோசித்தேன். உன் வலி பொய் என்றால் உனக்குக் கார்டு தந்தது அவர்களின் பிழை என்று விட்டுவிடலாம். உண்மை என்றால் என் வலியும் உண்மை, எனக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் தரவில்லை என்று ஆகிவிடும். அதைத் தாங்க எனக்கு ஏலவில்லை.

எட்டாம் நாள் விடிய அலுமாரியின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது உன் ஜன்னல் கம்பி ஞாபகம் வந்தது, அன்றே சீனிமுகம்மது சேரிடம் போனேன். கண்டதை மட்டும் சொன்னேன். ஜன்னல் கம்பி, துணி, பள்ளிக்குப் போய் வந்த நேரம். சேர் அதை அரை மணித்தியாலம் என்று போட்டார். கலியாண நாளில் நீ மாடிப்படி ஏறாமல் கீழேயே நின்றது, சாப்பாட்டுக்கு நிலத்தில் இருக்க முடியாமல் தனியாகக் கதிரையில் இருந்து சாப்பிட்டது எல்லாம் சொன்னேன். வலி எப்படிப்பட்டது என்று கொஞ்சம் எழுதினால் நல்லது என்றார் சேர். அப்போது நான் சொல்லத் தொடங்கினேன். காலையில் இடுப்பு பலகையாக இருக்கும், திருப்ப ஏலாது. தும்மல் வந்தால் பயம் வரும். இரவில் பக்கம் மாறிப் படுக்க முழுதாக முழிக்க வேண்டும். நல்ல நாள் என்று ஒன்று வரும், அன்று எல்லா வேலையும் செய்துவிட்டு மூன்று நாள் அதற்குக் கடன் கட்ட வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாது, முகம் நன்றாக இருக்கும், அதுதான் பெரிய கரைச்சல்.

சேர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "இது உங்கட தங்கச்சிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். தங்கச்சிக்கு என்றேன். அவர் மேற்கொண்டு கேட்காமல் எழுதினார். அந்தப் பந்தியில் பொய் இல்லை, ஹுஸ்னியா. வாசித்துப் பார், உனக்குப் பொருந்தாத ஒன்று இருந்தால் எனக்குச் சொல்லு, சேரிடம் சொல்லி வெட்டுவிக்கிறேன்.

இனி விசாரணைக்குப் போனால் எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்விக்குச் சுகம் என்று சொல்லாதே. அல்ஹம்துலில்லாஹ்வை மனதுக்குள் சொல்லு, அல்லாஹ்வுக்குக் கேட்கும். வாயால் காலை எழும்பிய கதையைச் சொல்லு. என்னைப் போல நல்லதை உடுத்துக்கொண்டு நிற்காதே, வீட்டுக்கு வந்தால் ஒன்றும் அவிக்காதே. சுஹறா மாமிக்கு ஒரு போன் எடு. நான்தான் சொன்னது என்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன், அவ சிரித்தா.

உன் கார்டு உனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று துஆக் கேட்கிறேன். சேரிடம் போய் வந்த பிறகு முதல் இரண்டு நாளும் வாயால் மட்டும் கேட்டேன், இப்போது மனதாலும் கேட்கிறேன். பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று நினைக்காதே. நீ திரும்பவும் அந்தப் படத்தைக் குழுவில் போட்டால் எனக்குத் திரும்பவும் எரியும். ஆனாலும் போடு.

என் மேன்முறையீட்டுக்கு ஆகஸ்ட் முடியும் வரை தவணை தந்திருக்கிறார்கள். டாக்டரின் கடிதம் எடுத்திருக்கிறேன். நீயும் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தா. வெளிநாட்டில் இருக்கிற தங்கச்சியின் கடிதத்தைக் கந்தோரில் எடுக்க மாட்டார்கள் என்று ஜவாத் சொல்கிறார். எடுக்காவிட்டால் போகட்டும், எனக்கு அதை வாசிக்க வேண்டும். தமிழில், உன் கையால் எழுது. கலியாணத்துக்கு நீ வந்து நின்ற அந்த மூன்று கிழமையும் நானும் அதே வீட்டில்தான் எழும்பினேன், குனிந்தேன், தண்ணிக் குடம் தூக்கினேன். எப்போதாவது ஒரு தரம், கதவுச் சீலைக்கு இந்தப் பக்கமிருந்தோ அந்தப் பக்கமிருந்தோ, நீ என்னைக் கண்டிருந்தால் அதை எழுது. ஒரு வரி போதும்.

அல்லாஹ் உன் முதுகையும் உன் வீட்டையும் பாதுகாக்கட்டும்.

வஸ்ஸலாம்,
உன் ராத்தா
ஜெனூபா